டீச்சர் வீட்டுக் கடைக்குட்டி

அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கூடவே “அம்மா!” என்று ஒரு சின்ன அலறல். யாரோ வாயைப் பொத்தியது போல அது பாதியிலேயே நின்றுபோனது.

கூடத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மன்றாட்டு வாசித்துக்கொண்டிருந்த அடைக்கலமேரி, “படிக்க வேண்டிய வயதில் வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்காகவும், அடியும் பசியும் தாங்கும் சிறுவர்களுக்காகவும்…” என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

“வாசி அடைக்கலம். ஒண்ணுமில்ல, பூனையா இருக்கும்” என்றார் வீட்டுக்காரர் செலஸ்தீன் டீச்சர்.

அது பூனை இல்லை என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. அடைக்கலமேரியும்தான். மீதி வரிகளை அவள் எப்படியோ வாசித்து முடித்தாள். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லோரும் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையோரம் இருக்கும் சின்னக் கத்தோலிக்கப் பங்கு அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் வைக்கோல் தொட்டிலில் கிடத்திய குழந்தை இயேசுவின் சுரூபம் அங்கே வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளை அதை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போகும். தூக்கிவந்த பிள்ளைக்கு அந்த வீட்டில்தான் இரவுச் சாப்பாடு, தொட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. பொழுது விடிந்தபிறகுதான் தன் வீட்டுக்குத் திரும்பும். இந்தத் திருவருகைக் காலத்தில் துன்பப்படும் குழந்தைகளுக்காக ஜெபிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் பூசையில் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்த மன்றாட்டு.

ஜெபம் முடிந்ததும் சுண்டல் வந்தது. அதைத் தட்டில் ஏந்தி வந்தவள் வானதி. பன்னிரண்டு வயது. வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. கடலை வேகவைத்த கொதிதண்ணீரை வடிக்கும்போது சட்டி சரிந்து கை வெந்துபோயிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொருவருக்கும் இலைத் தொன்னையை நீட்டினாள்.

“டீச்சர் வீட்டுச் சுண்டல்னா சும்மாவா! தேங்காய்த் துருவல் எண்ணிப் போட்டிருப்பாங்க” என்றார் தையல்கார ஆரோக்கியம். சிரித்தார்கள். பிறகு அவர் கண்ணில் அந்தத் துணி பட்டது. “ஏன் டீச்சர், இந்தப் புள்ள பள்ளிக்கூடம் போவுதா?” என்று கேட்டுவிட்டார்.

செலஸ்தீன் டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பங்குப் பேரவையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மகன்கள் இருவரும் கனடாவில். முகம் சிவக்க எழுந்து வானதியின் தோளில் கை போட்டார்.

“இவள வேலைக்காரின்னு நெனைக்கிறீங்களா? இவ என் வீட்டுப் பிள்ளை! என் வீட்டுக் கடைக்குட்டியே இவதான். நாளைக்குக் குழந்தை இயேசுவ இவதான் தூக்கிட்டுப் போவா, பாருங்க!”

வருஷாவருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடன் வாங்கித் தொட்டிலைத் தூக்கவைத்தவர் அவர். “அது இந்துப் புள்ளயாச்சே” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “குழந்தை இயேசு சாதி மதம் கேப்பாரா?” என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். என்ன பெரிய மனசு என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

தொட்டில் அடுத்துப் போகவேண்டியது அடைக்கலமேரியின் வீட்டுக்கு.

அடைக்கலமேரி சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். வயது நாற்பத்தெட்டு. நாற்று நடும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். பத்து வயதில் தஞ்சாவூரில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டாள். இடுப்பில் அவர்கள் குழந்தை. கண் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஊர்க்காரர்கள் அந்த வீட்டுக்கு வருவார்கள், காப்பி குடிப்பார்கள், “நல்லாருக்கியா மேரி?” என்று கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கன்னியர் மடத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அங்கே அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தவர் செலஸ்தீன் டீச்சர். கணவன் பாம்பு கடித்துச் செத்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறை வரை நடந்தவரும் அவர்தான். பங்குக் கோயிலுக்குச் சொந்தமான மனையில் அவளுக்கு ஒரு வீடு ஒதுக்கித் தரச்சொன்னவரும் அவரே.

அந்த மனுஷி வீட்டு அடுப்படியிலா ஒரு பிள்ளையின் கை வேகிறது? அடைக்கலமேரி சுண்டல் தொன்னையை அப்படியே கீழே வைத்தாள்.

மறுநாள் தூறலில் ஊர்வலம் வந்தது. டீச்சருடைய பேத்தியின் பழைய கவுன் வானதிக்குத் தொளதொளவென்று தொங்கியது. வெந்த கையை விறைப்பாக நீட்டிவைத்துக்கொண்டு, இடது கையால் தொட்டிலை மார்போடு அணைத்து வந்தாள். பாடினார்கள், ஜெபித்தார்கள், கலைந்தார்கள்.

அடைக்கலமேரி சோறு போட்டுக் கொடுத்தாள். வானதி தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவோரம் போய் நின்றாள்.

“உக்காந்து சாப்புடு கண்ணு.”

“உக்காந்தா லேட்டாவும்க்கா.”

“எதுக்கு லேட்டாவும்?”

வானதி யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு ஒன்றுக்கும் லேட்டாகாது என்று அவளுக்கு மெல்ல விளங்கியது. கூச்சத்தோடு தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன கிளாஸ் படிக்கிற?”

“ஏழாவதுக்கா. போன வருஷம்.”

“இப்ப?”

“வீட்லயே சொல்லித்தரேன்னாங்க டீச்சரம்மா.”

“சொல்லித்தராங்களா?”

வானதிக்குச் சிரிப்பு வந்தது. “நான்தான் அவங்களுக்கு மாத்திர அட்டையில பேர் படிச்சுக் காட்டுறேன். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலக்கா.”

துணியை அவிழ்த்ததும் அடைக்கலமேரி “ஏசுவே!” என்று கத்திவிட்டாள். புறங்கை முழுக்கக் கொப்புளம். அதற்கு மேலே, மணிக்கட்டில், ஆறிப்போன இன்னொரு தழும்பு நீளமாக, தோசைத்திருப்பி அகலத்தில் இருந்தது.

“இது எப்படிம்மா?”

“அது நான் தூங்கிட்டேன்க்கா” என்றாள் வானதி. தன் தப்பைச் சொல்வது போலச் சொன்னாள்.

அடைக்கலமேரி கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சத்துணவுக் கூடச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் பிள்ளைகள் உதவி எண் அது. தினமும் பார்ப்பாள். 1098. அழுத்தப் போன விரல் நின்றது. இந்த வீடு கோயில் மனை. கோயில் மனை பேரவையின் கையில். பேரவை டீச்சரின் கையில். எழுத்தறிவித்த கையையே காட்டிக்கொடுக்கப் போகிறாயா, மேரி? வெறி பிடித்தவள் போல நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உள்ளே வானதி தன் தட்டோடு சேர்த்து, அடுப்படியில் கிடந்த பாத்திரங்களையெல்லாம் ஒற்றைக் கையால் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

எண்ணை அழுத்தினாள். பேர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றார்கள். “இல்லீங்க, எழுதிக்குங்க. என் பேரு அடைக்கலமேரி” என்றாள். காலையில் வருகிறோம், பிள்ளையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றார்கள்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் டீச்சர் வந்துவிட்டார்.

“விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! கெளம்பு வானதி, வாசல் கூட்டல, பால் காய்ச்சல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

“அவ வரமாட்டா டீச்சர்.” தன் குரல்தானா என்று அடைக்கலமேரிக்கே சந்தேகமாயிருந்தது. “நான் போன் பண்ணிட்டேன். பிள்ளைங்களுக்கான ஆபீஸ்லேர்ந்து வராங்க.”

டீச்சர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நீயா? ஒன் விரலப் புடிச்சு எழுத வச்சேனே, நீயா?”

“ஆமா டீச்சர். அந்த விரலுதான்.” அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

“என்ன தெரியும்டி ஒனக்கு? அவ அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கா. அப்பன் எங்கேயோ ஓடிட்டான். நான் வச்சுக்கலன்னா இவளும் இந்நேரம் மில்லுல நூல் பொறுக்கிக்கிட்டு இருப்பா. மூணு வேளை சோறு போடறேன். நீ இவள ஹோமுல தள்ளப் போற, அதுதான் ஒன் புண்ணியமா?”

இரவெல்லாம் அடைக்கலமேரியும் அந்தக் கேள்வியோடுதான் புரண்டு படுத்திருந்தாள்.

டீச்சர் கைபேசியை எடுத்து வானதியின் அம்மா மலர்க்கொடிக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். கம்பெனி இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் பதறியது. “என்னங்க டீச்சர், என் பொண்ணு எதாச்சும் தப்பு பண்ணிட்டாளா?”

“இங்க ஒருத்தி ஒன் பொண்ண எங்கூட அனுப்ப மாட்டேங்கறா.”

“வானதி, டீச்சர் சொல்றபடி கேளுடி. அவங்களோட போ.”

வானதி எழுந்தாள். சட்டென்று எழுந்தாள், பழக்கப்பட்ட பிள்ளை. கவுனைச் சரிசெய்துகொண்டு டீச்சரின் பக்கம் நடந்தாள். அடைக்கலமேரி பாய்ந்துபோய்க் கைபேசியின் முன்னால் குனிந்தாள்.

“மலர்க்கொடி, நான் சத்துணவு மேரி பேசறேன். ஒம் பொண்ணு கை வெந்து கெடக்கு. ஒனக்குத் தெரியுமா?”



“கையா?” என்றது குரல். “எந்தக் கைக்கா? சோத்துக் கையா?”

“சோத்துக் கைதான். பொறங்கை முழுக்கக் கொப்புளம். பழைய சூடும் ஒண்ணு இருக்கு.”

“வானதி!” என்று அந்தத் தாய் கதறினாள். “தெனமும் நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னியேடி!”

“நல்லாத்தாம்மா இருக்கேன்” என்ற வானதி, அதுவரை அழாதவள், வாயைக் கோணிக்கொண்டு விம்மினாள். “நீ அழுவன்னுதாம்மா சொல்லல.”

“அக்கா…” மலர்க்கொடிக்கு மூச்சு வாங்கியது. “நான் இப்பவே பஸ் ஏறறேன். நான் வர வரைக்கும் அவள எங்கேயும் அனுப்பாதீங்க. டீச்சர்கூடவும் வேணாம். ஒங்க கால்ல விழறேன்க்கா.”

அழைப்பு அறுந்தது. டீச்சர் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வானதியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வானதி, பயத்தில், வெந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பைத் தேடிக் கால் தடுமாறியது. அடைக்கலமேரி பழக்கத்தில் குனிந்து செருப்பை நகர்த்திவைத்தாள்.

“மனை விஷயம் பேரவைக்கு வரும்” என்றார் டீச்சர், அவளைப் பார்க்காமல். “என்னால ஒண்ணும் தடுக்க முடியாது.”

“சரிங்க டீச்சர்.”

“நாளைலேர்ந்து ஜெபத்துல வாசிக்கவும் வேற ஆளப் பாத்துக்கறோம்.”

“சரிங்க.”

டீச்சர் குடையை விரித்தார். சேற்றில் கால் வழுக்காமல் கரைச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். வயதான உடம்பு. ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போல அடைக்கலமேரிக்குக் கை பரபரத்தது. போகவில்லை. குடை வாய்க்கால் பாலத்தைத் தாண்டும் வரை நின்றாள். பிறகு உள்ளே திரும்பிக் கதவைச் சாத்தினாள்.