தலைக்குள் ரத்தம் ஓடிய சத்தம்

குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலம் விளிக்கிறவன் நான். தொண்டைதான் என் பிழைப்பு. ஒருநாள் காலை விளித்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு குழறி, நெத்திலிக் குவியல் மேலேயே சரிந்து விழுந்தேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது கை, கால், வாய், இமை எதுவும் என் சொல்லைக் கேட்கவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அதுதான் வினை.

எங்கள் கடற்கரையில் ஒருவன் படுத்துவிட்டால் போதும், ஊரே பார்க்க வந்துவிடும். வந்தவர்கள் பழம் வைத்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், பிறகு நான் அங்கே இல்லாததுபோல் பேசத் தொடங்கினார்கள். என் தலைமாட்டில் அண்ணன் செல்போன் படத்தைப் பற்றித் தன் மகனிடம் சொல்வது கேட்டது.

"மக்கா, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு இந்தப் படம் போதும். மற்றதுல தொப்பை தெரியுது."

நாசமாய்ப் போகிறவனே, உயிரோடு கிடக்கிறவனின் தொப்பையா இப்போது உனக்குக் கவலை என்று கத்தினேன். உள்ளுக்குள்தான் கத்த முடிந்தது. சற்று நேரத்தில் எல்லோருமாகச் சேர்ந்து நல்மரணத்துக்கான செபத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். என் மரணத்துக்கு, என் காதுபடவே. எழுந்திருக்க முடிந்திருந்தால் செபமாலையைப் பிடுங்கி எறிந்திருப்பேன், பாவமோ புண்ணியமோ.

அதன்பிறகு அண்ணன் என் மனைவியிடம் சொன்னான்: "இனி இவன் இல்லட்டி. வீட்டுக்குக் கொண்டுபோவலாம். அவனுக்க கட்டில்ல கெடந்து கண்ணடைக்கட்டும்."

வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் மூக்கில் கஞ்சி போகும் குழாயை எடுத்துவிடுவது. பட்டினி போட்டுக் கொல்வதற்கு எவ்வளவு பக்தியான பெயர் பாருங்கள்.

அன்று புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுக் குரல். என் காதுக்கு மேலே குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை அழுத்தினார். மிஷினிலிருந்து உஸ், உஸ் என்று சத்தம் வந்தது. என் ரத்தம் ஓடுகிற சத்தம். முதலில் என் கண்களைத் துணியால் மூடினார். பிறகு துணியை எடுத்து, இமையை விரலால் தூக்கிப் பிடித்து டார்ச்சை அணைத்து அணைத்து அடித்தார். சத்தம் உயர்ந்தது. மூடினால் தணிந்தது. திறந்தால் மறுபடியும் உயர்ந்தது.

"வெளிச்சம் பட்டதும் பார்வைக்கான இடத்துல சின்னச் சின்னக் குழாய்கள் விரியுது. அதனால ரத்தம் வேகமா ஓடுது," என்றார். "அவருக்குப் புரியுதான்னு இதை வச்சு சொல்ல முடியாது. ஆனா மூளை வேலை செய்யுது. கொஞ்சம் பொறுங்க."

"வெளிச்சத்துக்கு ஓடுற ரத்தம் நாம பேரு சொல்லி விளிச்சா ஓடாதாக்கும்?" என்றான் அண்ணன். அவனுக்கு அப்போதும் கண் பிளெக்ஸில்தான்.

"குழாயை எடுக்கச் சம்மதிக்க மாட்டேன் அத்தான்," என்றாள் என் மனைவி. அவள் அவனை எதிர்த்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

நான் பிழைத்தேன். ஏலம் விளிக்க முடியாது, ஆனாலும் பேசுகிறேன், கொஞ்சம் இழுத்து. சென்ற ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு வந்தான். நெடுநேரம் சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டான்: "அன்னைக்கு நாங்க பேசினது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது. ஒண்ணு விடாம," என்றேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். போகட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்றுதான் இருந்தது.

டம்ளரை எடுக்க வந்த மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப நான் சொன்னதும் கேட்டுதா?"

டாக்டரம்மா வருவதற்கு முந்தின நாள், அறையில் யாரும் இல்லாதபோது, அவள் என் காதோடு குனிந்து, "கஷ்டப்பட வேண்டாம், நீங்க போயிருங்க," என்று சொல்லியிருந்தாள். அண்ணன் சொன்ன எதுவும் அந்த அளவுக்குச் சுட்டதில்லை. இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

"நீ எப்ப என்ன சொன்ன?" என்றேன்.