எல்லாருக்கும் யானைச் சீட்டுதான் வேண்டும்

அடுத்தவர் விளையாடும்போது பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் பாதி, வாயைத் திறப்பது மீதிப் பாதி. எனக்கு முதல் பாதி பிறந்ததிலிருந்தே நன்றாக வரும்.

நாலு பேரிடம் பேசிப் பிழைக்கிற வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் மரக்காணத்துக்காரி. எட்டாவது வரைக்கும் படிப்பு. வீட்டுக்காரருக்கும் எனக்கும் உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது என்று, ஆரோவில் பக்கம் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கடைக்குக் கப் கழுவப் போனேன். டீயும் காபியும் தருவார்கள், மேசைக்கு மேசை விளையாட்டுப் பெட்டி இருக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து விளையாடலாம். என் பெண்ணைப் பக்கத்துச் சந்து பால்வாடியில் விட்டேன். பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் அவள் சறுக்குமரம் ஏறுவது தெரியும். போன வருஷமெல்லாம் அவள் அளத்து வரப்பில், குடையை நட்டு வைத்த நிழலில் கிடந்தாள்.

ஒருநாள் கடைக்கார மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "டேபிள்ல நின்னு கேம் சொல்லித்தர ஆள் வேணும்மா. பொங்கலுக்குள்ள நீ பேசக் கத்துக்கிட்டா வருஷம் முழுக்க இங்கயே இருக்கலாம். இல்லன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்."

சுவரைப் பார்த்த பாடம்

விளையாட்டு இதுதான். எல்லாருக்கும் தொடக்கத்தில் ஒரே மாதிரி ஒரு சின்னக் கட்டு, அத்தனையும் கூலியாள் சீட்டு. கட்டைக் கலைத்து ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டு எடுக்கணும். கூலியாள் நெல் தருவான். அந்த நெல்லைக் கொடுத்து, நடுவில் பரப்பியிருக்கிற சீட்டுகளை வாங்கி நம் கட்டில் சேர்க்கணும். ஆளுக்கு ஒரு கோட்டை, அது இடிந்தால் தோற்றோம். யானை எதிராளி கோட்டையை இடிக்கும், ஆனால் அதற்குத் தீனியாக நெல் வைக்கணும். காவல்காரன் தடுப்பான். தூதன் வந்தால் இன்னும் இரண்டு சீட்டு எடுக்கலாம். சாமியார், வேண்டாத சீட்டைக் கட்டைவிட்டே அனுப்பிவிடுவார். மழைச் சீட்டு விழுந்தால் நெல் இரட்டிப்பு.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் படத்தை வைத்துத்தான் படித்தேன். வீட்டில் சோறு வடிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. முதல் தடவை மேசைக்குப் போனபோது இரண்டு காலேஜ் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் மறந்துவிடும் என்று, அவர்கள் தலைக்குமேல் இருந்த சுவரைப் பார்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முடித்ததும் ஒரு பெண் திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அதுக்குப் புரிஞ்சிருக்கும். இப்ப எங்களுக்குச் சொல்லுங்க."

நிறைய யானை

கட்டுக்கு என்ன தேவை என்று யாரும் முதலில் பார்ப்பதில்லை. யானைப் படம் கண்ணில் பட்டதும் கை அங்கேதான் போகும். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் அப்படித்தான். வருகிற நெல்லையெல்லாம் யானைக்கே கொட்டினார். சாமியாரை வைத்துக் கூலியாட்களையும் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டார். அவர் மனைவி யானை ஒன்று, தூதன் ஒன்று, காவல்காரன் ஒன்று என்று கலந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரத்தில் அந்த சார் கையில் ஐந்து சீட்டும் யானை. தீனி வைக்க ஒரு பிடி நெல் இல்லை. அடுத்த முறையும் அதேதான். யானைகள் சும்மா நிற்க, மனைவியின் ஒற்றை யானை வந்து கோட்டையை இடித்துவிட்டுப் போனது. நான் முன்னாடியே சொல்லியிருக்கலாம். மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சார் சீட்டுகளை மேசையில் விரித்துவைத்தார். "அப்படியே எங்க ஆபீஸ். எல்லாரும் மேனேஜர், வேலை பாக்கத்தான் ஆள் இல்ல."

அனுப்ப மனசில்லாத அம்மா

இதற்கு நேர்மாறாக ஒருவர். மகனோடு ஆரோவில் பார்க்க வந்த வயசான அம்மா. பெரிய சீட்டுகள் கொஞ்சம் சேர்ந்த பிறகு கூலியாட்களில் சிலரை அனுப்பினால்தான் நல்ல சீட்டு அடிக்கடி கைக்கு வரும். மகன் படித்துப் படித்துச் சொன்னார். அந்த அம்மா சாமியாரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், போடவில்லை.

"சொல்லுங்கக்கா" என்று அவர் மகன் என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன், சுவரைப் பார்க்காமல்: "ஒருத்தரை மட்டும் அனுப்பிப் பாருங்கம்மா." அவர் ஒரு கூலியாள் சீட்டை எடுத்தார், படத்தைப் பார்த்தார், திரும்பக் கட்டிலேயே சொருகினார். "தோத்தா தோத்துட்டுப் போறேன் போ. ஒண்ணுமில்லாதப்ப கூட நின்ன ஆளும்மா இவன்."

மழை வேண்டாம்

மழைச் சீட்டு மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. யாராவது கை வைத்தால் "அது சரியில்லங்க" என்பேன். சும்மா வாயில் வந்துவிடும். ஒரு மழை பிடித்தால் பாத்தியில் விளைந்த உப்பு மொத்தமும் கரைந்துபோகும், அப்புறம் என்ன இருக்கிறது? நான் சொல்லித்தந்த மேசைகளில் யாருமே மழை வாங்கவில்லை. நெல் பத்தாமல் எல்லா ஆட்டமும் இழுத்துக்கொண்டே போனது. ஏன் என்று மேடத்துக்கும் புரியவில்லை, அப்போது எனக்கும் புரியவில்லை.

திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் மழையை எடுத்தார். நான் வழக்கம்போல "வேணாங்க" என்றேன். "ஏம்மா?" என்றார். நான் சீட்டை நடுவுக்கே தள்ளினேன். "எந்த ஊரு நீங்க?" என்றார். "மரக்காணங்க. அளத்து வேலை" என்றேன். அவர் மழைச் சீட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். "அதானே பாத்தேன். நாங்க வா வான்னு கும்பிடுறோம், நீங்க அங்க உக்காந்து போ போன்னு தொரத்துறீங்களா?"

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை

மழை விட்டு, அளத்தில் உப்பு விளைவிக்கப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அளத்து மேஸ்திரி வீட்டுக்கே வந்து, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். மேடம் கல்லாவில் உட்கார்ந்து என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வந்தது புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கூட மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் இரண்டு பேர். அந்தப் பெண் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முறை வந்தாலே மூன்று பேரும் பாய்வார்கள். "இத போடு." "அய்யோ, அது இல்ல." கடைசியில் ஒருவர் அவள் கையிலிருந்தே சீட்டை உருவிப் போட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அழக்கூடாது என்று சிரிக்கிறது.

"சார், அவங்க சீட்ட அவங்களே போடட்டும்" என்றேன். கடை மொத்தமும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. பக்கத்து மேசையில்கூட திரும்பிப் பார்த்தார்கள். வாடிக்கையாளரை அதட்டிவிட்டேன், நாளையிலிருந்து பாப்பாவுக்குக் குடை நிழல்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்தாள். தூதனைப் போட்டாள், இரண்டு எடுத்தாள், அதில் ஒரு காவல்காரன் வந்தான். கடைசியில் தோற்றுத்தான் போனாள். ஆனால் அவளே ஆடித் தோற்றாள்.

கிளம்பும்போது என்னிடம் தனியாக வந்து, "அடுத்த வாரம் வந்தா நீங்க இருப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். நான் மேடத்தைப் பார்த்தேன். கல்லாவிலிருந்து மேடம் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "இருப்பாங்க."

விளையாட வருகிறவர்கள் ஜெயிப்பார்கள், தோற்பார்கள், சந்தோஷமாகக் கிளம்புவார்கள், சொல்லித்தருகிற நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் மேசைக்கடியில் விழுந்த கடைசிச் சீட்டைத் தேடிக் குனிகிற வேலை எப்போதும் நிரந்தரம்.