ஓனர் வருவதற்குள் முளைக்க வேண்டிய புல்

அந்த வருஷம் ஆகஸ்ட் ஆரம்பத்தில் என் கணவர் வீட்டு முன்னால் இருந்த புல்தரை முழுவதையும் கொத்திப் போட்டார். வீடு எங்களுடையது இல்லை. எழுபதுகளின் நடுவில், கிளென் வேவர்லியில் ரயில் பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், நாங்கள் வாடகைக்கு இருந்த செங்கல் வீடு. இவர் எஞ்சினீயர்தான், ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆடி பதினெட்டு வந்தால் கை அரிக்கும்.

"பின்னாடி வெயிலே விழ மாட்டேங்குது. முன்னாடிதான் நாள் பூரா அடிக்குது," என்றார்.

அது வாஸ்தவம்தான். பூமியின் தென்பாதியில் இருக்கிற இந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், எங்கள் வாசல் வடக்குப் பார்த்தது. ஆனால் வெயில் விழுகிற மண்ணெல்லாம் சூடான மண் இல்லை என்பது, கனத்த கோட்டு போட்டுக்கொண்டு திரிந்த எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஊரில் ஆடி என்றால் விதைப்பு. இங்கே அது நடுக்குளிர். கத்தரி, தக்காளி, மிளகாய் என்று பாத்தி கட்டிப் போட்டதெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் பாத்திகளின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். பாலத்துக்குக் கணக்குப் போடுகிற மனுஷன் மாதத்தின் பேரைப் பார்த்தாரே தவிர மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று நான் நாலு நாள் முணுமுணுத்தேன்.

முணுமுணுப்போடு போயிருக்கும், வீட்டு ஏஜென்ட் வராமல் இருந்திருந்தால். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று நாங்கள்தான் கூப்பிட்டிருந்தோம். அவர் காரைவிட்டு இறங்கியவர், வாசலில் சேறும் சகதியுமாகக் கிடந்ததைச் சுற்றி வந்து பார்த்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசினார். வீட்டு ஓனர் குளிருக்குப் பயந்து வடக்கே வெயில் அடிக்கிற குயின்ஸ்லாந்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், அக்டோபரில் திரும்பி வந்து வீட்டைப் பார்ப்பார், அந்தப் புல்தரை அவர் கையால் போட்டது, அவர் வருவதற்குள் அது பழையபடி இல்லாவிட்டால் நீங்கள் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்றார். குழாயைச் சரி செய்ய ஆள் அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அக்டோபர் கடைசியில் பிரசவம். அந்த வீடு கிடைப்பதற்கு முன் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனில் காலியாக இருக்கிற வீடு, நாங்கள் நேரில் போய் நின்றதும் நிரம்பிவிடும். ஒரு அம்மாள் கதவைப் பாதி திறந்து என் புடவையைப் பார்த்துவிட்டு, நேற்றே கொடுத்தாயிற்று என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பச்சைப் பிள்ளையோடு மறுபடி அந்தக் கதவுகளைத் தட்ட வேண்டும். பயம் என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்கிற பயம் இல்லை. சோறு இறங்காது. வாசலில் ஒரு கார் வேகத்தைக் குறைத்தால் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

இவர் மறுநாளே புல் விதை வாங்கி வந்துவிட்டார்.

"இப்பவா? மண்ணு ஐஸ் மாதிரி கிடக்குதுங்க. கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

"பொறுக்க நேரம் எங்கம்மா இருக்கு?" என்று அன்று சாயங்காலமே தூவினார்.

ஒன்றும் வரவில்லை. குருவிகள் கூட்டமாக வந்து சாப்பிட்டுப் போயின. மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போயிற்று. செப்டம்பர் பிறந்ததும் ரேடியோவில் வசந்தம் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் வாசலில் மட்டும் வரவில்லை. ஒரு நாள் தபால் பெட்டியைத் திறக்கப் போனவள், நடைபாதைக் கான்கிரீட்டை ஒட்டின விரிசலில் ஒரு கோடாகப் பச்சை முளைத்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் புல்தான். மழை கொண்டு போய் ஒதுக்கின விதை. கான்கிரீட்டைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. அதே கையைப் பாத்தி மண்ணில் வைத்தேன், விரல் விறைத்தது. மண்ணில் சூடு ஏறினால்தான் விதை முளைக்கும், அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் போய் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. இவர் தினமும் ஆபீசிலிருந்து வந்ததும், "இன்னிக்கு?" என்பார். "இல்லை," என்பேன். நாள் போகப் போக அந்த "இல்லை"யைச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. நான் சொல்வது தப்பாக இருந்தால் பிள்ளையோடு தெருவில் நிற்பது நான்தானே.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் விரல் விறைக்கவில்லை. மண்ணைக் கிளறி, சமப்படுத்தி, இரண்டாம் தடவை விதைத்தோம். இந்தத் தடவை குருவிக்கும் மழைக்கும் பயந்து மேலே வைக்கோல் பரப்பினோம். அங்கேதான் எங்கள் பயம் எங்களையே ஏமாற்றியது. மெல்லிசாகப் போட வேண்டியதை, மெத்தை கணக்காகப் போட்டுவிட்டார். காற்று அடித்தால் போய்விடும் என்று மேலும் ஒரு கட்டு.

காவல் என் வேலை. எதிரே இருந்த யூக்கலிப்டஸ் மரத்தில் மேக்பை ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பறவை, குஞ்சு பொரிக்கிற காலத்தில் தலையைக் குறி வைத்துப் பின்னாலிருந்து பாயும். முதல் நாள் காதோரம் விர்ரென்று இறக்கை உரசியதில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் எவர்சில்வர் குண்டானைத் தலையில் கவிழ்த்து, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டுதான் வாசலுக்குப் போவது. நிறைமாதத்துக்காரி ஒருத்தி தலையில் பாத்திரத்தோடு குருவி விரட்டுவதைத் தெருவே பார்த்தது. சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தும் வைக்கோலுக்கு மேல் ஒன்றும் தலை காட்டவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு மூலையை விலக்கிப் பார்த்தேன். முளைத்திருந்தது. ஆனால் பச்சையாக இல்லை. வெளிறி, மஞ்சளாக, துணியில் கட்டி வைத்த பயறு முளைவிட்ட மாதிரி சுருண்டு கிடந்தது. மூச்சு முட்டிச் சாகிறது என்று புரிந்துவிட்டது. இவர் வரும்வரை காத்திருக்கத் தைரியம் இல்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாக வைக்கோலை எடுத்தேன். இழுத்தால் வேரோடு வந்துவிடும், அதனால் விரலால் கோதிக் கோதி. முதுகு விட்டுப்போயிற்று. எடுக்க எடுக்க அழுதேன். பிள்ளைக்கு ஆகாது, அழாதே என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன். பாதிக்கு மேல் இவர் வந்து செய்தார்.

மூன்றே நாள் வெயில். மஞ்சள் எல்லாம் பச்சையாகிவிட்டது.

ஓனர் அக்டோபர் முதல் வாரமே வந்துவிட்டார். உயரமான கிழவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஏஜென்ட். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிழவர் குனிந்து புல்லை உள்ளங்கையால் தடவினார். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இவர் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார்.

கிழவர் சந்தோஷமாகத்தான் மேலே சொன்னார். குயின்ஸ்லாந்து தனக்குப் பிடித்துப் போய்விட்டது, அங்கேயே இருந்துவிடப் போகிறாராம், இந்த வீட்டை விற்கப் போகிறாராம். எந்த நிலையில் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வந்தாராம். இந்த வாசலைப் பார்த்தால் சீக்கிரம் விலை போய்விடும் என்று ஏஜென்டும் சொன்னார். வாங்குகிறவர்கள் குடிவர இஷ்டப்பட்டால் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வரை நேரம் தரலாம், அதுவரை புல்லை இப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இவர் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்.

அடுத்த வாரமே விற்பனைப் பலகையைப் புல்லுக்கு நடுவில் அடித்தார்கள். அதற்குப் பிறகு என் பயம் திசை மாறியது. சனிக்கிழமை தோறும் ஜோடி ஜோடியாக வந்து, வாசலில் நின்று, எவ்வளவு அழகு என்பார்கள். ஒவ்வொரு "அழகு"க்கும் நான் ஜன்னல் திரையை இழுத்து விடுவேன். கருகிப் போயேன் என்று அந்தப் புல்லை மனதாரச் சபித்தேன். அதுவோ நாளுக்கு நாள் அடர்ந்தது.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, இவர் காரை வழக்கத்துக்கு மாறாகப் பக்கத்து வீட்டை ஒட்டி நிறுத்தினார். எனக்கும் பலகைக்கும் நடுவே வந்து நின்று மறைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார். பலகை அவரைவிட உயரம். விற்றாகிவிட்டது என்று குறுக்காக ஒட்டியிருந்த சிவப்புப் பட்டை அவர் தலைக்கு மேலே தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது. குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஓரமா வா, ஈரமா இருக்கும்," என்றார். "இப்பத்தான் தண்ணி விட்டேன்."