முக்கால் அடியில் என் பெண்டாட்டி

செஞ்சியில் காலிச் சுவரைக் கண்டால் என் கை சும்மா இருந்ததில்லை. திண்டிவனம் ரோட்டில் சிமெண்ட் விளம்பரம், மேல்மலையனூர் அமாவாசைக்கு வரவேற்பு, தேர்தல் வந்தால் சின்னம். முதலில் வெள்ளையடித்து, ஓரத்தில் 'இந்தச் சுவர் ரிசர்வ்' என்று எழுதிவிடுவேன். அதன்பிறகு வேறு எந்தப் பெயிண்டரும் அதில் கைவைக்கமாட்டான். அது எங்களுக்குள் இருக்கும் மரியாதை.

போன வருஷம் வலது தோள் இறுகிப்போனது. கை மார்புக்கு மேலே ஏறவில்லை. மகள் மூன்று கேன்வாஸ் வாங்கிவந்தாள், ஒவ்வொன்றும் முக்கால் அடி. என் பழைய பிரஷ்ஷே அதில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

"இதுல இன்னாத்த வரையறது?" என்றேன்.

"என் மூஞ்சிய வரை," என்றாள் பெண்டாட்டி. வாசலுக்கு நேரே, அவள் தையல் மெஷினுக்கு மேலே ஓர் ஆணி காலியாக இருந்தது. "மூணுல ஒண்ணாவது நல்லா வரணும். இல்லன்னா ஸ்டுடியோவுல போட்டோ புடிச்சி மாட்டிக்குவேன்."

பெயிண்டர் வீட்டில் ஸ்டுடியோ போட்டோவா! ஊர் சிரிக்காதா?

கோடு போட்டால் என் கை தோளிலிருந்துதான் கிளம்பும். முதல் கேன்வாஸில் அவள் மூக்கு மட்டும்தான் அடங்கியது. அதுவும் ஒரு பக்கம்.

"மூக்குத்தி எங்கய்யா?"

"அது அடுத்த செவுத்துல வருது."

இரண்டாவதில் முழு முகமும் அடங்கியது. ஆனால் நாலு கோடு போட்டால் பின்னால் போய்ப் பார்ப்பது என் பழக்கம். படத்தை மெஷின்மேல் சாய்த்துவிட்டு, அதையே பார்த்தபடி பின்னாலேயே நடந்தேன். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த மல்லாட்டைமேல், கடலை நொறுங்க, பொத்தென்று உட்கார்ந்தேன். எதிர்வீட்டம்மா போட்ட சத்தம் இருக்கட்டும். அங்கிருந்து பார்த்தால், அடடா, ராணி மாதிரி இருந்தாள்!

அவளோ படத்தைக் கையில் எடுத்தாள். "இன்னாய்யா இது, ஆந்தையா?"

"தூரமா நின்னு பாரு, சரியா இருக்குது."

"அதுக்கு நான் எதிர்வூட்லயா குடியிருக்கணும்?"

மிச்சம் ஒன்றுதான். இந்தத் தடவை முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டேன். மகளின் மெல்லிய பிரஷ், மணிக்கட்டு மட்டும் நகர்ந்தது. பெண்டாட்டியை முட்டிக்கு முட்டி உட்காரவைத்தேன். இவ்வளவு கிட்டத்தில் அவளை உற்றுப்பார்த்து எத்தனை காலமோ, எனக்கே வெட்கமாக இருந்தது. காதோரம் ஒரு மச்சம் இருந்தது.

"இது எப்ப வந்துச்சி?"

"நான் பொறந்தப்ப," என்றாள்.

நாலு நாள் ஆனது. ஆணி என் கைக்கு எட்டாது, அவளே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். மாட்டியவள் நேராக எதிர்வீட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றாள்.

"இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலய்யா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"தெரியவாணாம், கிட்ட வா!"

வந்தாள். ஸ்டூலில் ஏறி, ஊசி கோக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே, ஓரத்தில், எறும்பளவு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இந்தச் சுவர் ரிசர்வ்.

"ம்க்கும், இனிமே எவன் வரப்போறான்?" என்றாள். ஆனால் ஸ்டூலைவிட்டு வெகுநேரம் இறங்கவில்லை.