பத்துமலையில் தொலைந்தது யார்?

போன ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பட்டப்பகலில் என் தங்கை என்னிடம் திருடிவிட்டாள். பணமில்லை, நகையில்லை... என் ஞாபகத்தை!

விஷயம் இதுதான். ஆறு வயதில், பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் நான் தொலைந்து போனேன். தொண்டர் கூடாரத்தில் ஒரு ஆன்டி சூடாக மிலோ கலக்கிக் கொடுத்தார். மைக்கில் அறிவிப்பு செய்தார்கள். கடைசியில் அப்பா ஓடி வந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே முன்பு இரண்டு முறை அதை எழுதிவிட்டேன். எனக்கென்று இருக்கும் ஒரே சோகம் அதுதான். மற்றபடி வாழ்க்கை சுமாராகப் போய்விட்டது.

அதைத்தான் தங்கை, தன் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் சம்பந்தி வீட்டார் முன்னால், தனக்கு நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே ஆன்டி, அதே மிலோ! சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்.

"தொலைஞ்சது நான் லா," என்றேன்.

"எது நடந்தாலும் உனக்குத்தான் நடக்கணுமா அண்ணே?"

அவள் கேட்டதும் நியாயம்தான். யோசித்துப் பாருங்கள் — நாம் சொல்லும் கதைகளில் எல்லாம், பள்ளிக்கூடத்தில் பாம்பை முதலில் பார்த்தது நாம். கல்யாண வீட்டுச் சண்டையை விலக்கிவிட்டதும் நாம். அப்படியானால் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் எங்கேதான் போனார்கள்?

வழக்கு, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனது. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் என் கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தீங்க. காணாம போனது உங்கப்பா. மைக்ல கூப்பிட்டதே அவரைத்தான்."

நாங்கள் காத்திருந்த நேரத்தில் அழாமல் இருக்கக் கொடுத்ததுதானாம் அந்த மிலோ. அட கடவுளே... தைப்பிங், ஜொகூர் என்று ஊர் ஊராக நாற்பது வருடம் லோரி ஓட்டிய மனிதரா தொலைந்தார்?

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் நிதானமாக மோரைக் குடித்து முடித்தார்.

"நானா? நான் காவடி பார்த்துக்கிட்டு ஒரே எடத்துலதான் நின்னேன். தொலைஞ்சது நீங்க மூணு பேரும்."

சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தங்கை முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும்தான் வருத்தம், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆக, உண்மை தெரிந்துவிட்டது. இனிமேல் திருத்திச் சொல்வேனா என்கிறீர்களா?

தொலைந்தது நான்தான்!