நன்றியுரையில் ஓர் அக்கா

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியருக்கும் அக்காதான். அந்தக் கூத்தை யாரிடம் சொல்ல? பேட்டரிக்கான பொடியை உலையில் சுட்டெடுப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது வருடமாயிற்று. பதினொரு கட்டுரைகளில் உழைத்திருந்தாள். ஒன்றில்கூட அவள் பெயர் முதலில் இல்லை. சொந்த ஆய்வகம் கேட்டு விண்ணப்பிக்க ஒரு கட்டுரையிலாவது முதல் பெயர் வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு மாதமே இருந்தது.

புதுக் கட்டுரையில் யோசனையும் அவளுடையது, சோதனையும் அவளுடையது, எழுத்தும் அவளுடையது; பெயர்களையும் நன்றியுரையையும் சேர்த்து அனுப்பியது மட்டும் பேராசிரியர். இந்தத் தடவை கேட்காமலே கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் கேட்ட கேள்விகளோடு பிரதி திரும்பி வந்தபோதுதான் திறந்து பார்த்தாள். முதல் பெயர், உலைப் பக்கமே எட்டிப் பார்க்காத இளம் விஞ்ஞானியுடையது. கடைசிப் பக்கத்தில், ‘உலையைக் கவனித்துக்கொண்ட அக்காவுக்கு நன்றி’ என்று ஒரு வரி. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றார் கணவர். அழுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

பொடியை ஏன் அவ்வளவு மெதுவாக ஆறவிட்டீர்கள் என்பது மதிப்பீட்டாளரின் முக்கியமான கேள்வி. இளம் விஞ்ஞானி திருதிருவென்று விழித்தான். அவள் தன் குறிப்பேட்டைப் பார்த்து மூன்று பக்கம் பதில் எழுதி, பேராசிரியர் மேசையில் வைத்தாள். கூடவே, யார் என்ன செய்தார்கள் என்று ஆய்விதழ் கேட்கும் படிவத்தையும் வைத்தாள்.

“பேர்ல என்னக்கா இருக்கு? நாம எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி,” என்றார் அவர்.

“குடும்பத்துலயும் ஆளுக்கொரு பேரு வச்சிருக்காங்க சார். நீங்களே இதை நிரப்புங்க.”

அவர் பேனாவை எடுத்தார். யோசனை, சோதனை, ஆய்வு, எழுத்து என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவள் பெயரையே எழுத வேண்டியிருந்தது. நான்காவது கட்டத்தில் பேனா நின்றது. பிரதியை இழுத்து, அவள் பெயரை முதலில் எழுதினார். கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றே சொல்ல வேண்டும்.

வாசலில் நின்ற இளம் விஞ்ஞானியின் முகம் சுண்டிப்போயிருந்தது. “அப்ப என் பேருக்கு எதிர்ல என்ன சார் எழுதறது?”

பேராசிரியர் படிவத்தைப் புரட்டினார். அவள்தான் சொன்னாள்.

“வரைபடம் எல்லாம் நீங்க போட்டது தம்பி. அதை எழுதச் சொல்லுங்க. செஞ்சதை எழுதாம விடக்கூடாது.”