வாசலை மறைத்த கார்

செருப்புக்கடைக்காரர் தினமும் காலையில் கடவுளிடம் கேட்பது இரண்டே வரம். வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும், கடை வாசலில் கார் நிறுத்துகிற இடம் கைவிட்டுப் போகக் கூடாது. “முதல் வரத்தை அவரே பாத்துக்குவாருன்னு விட்டுட்டு, ரெண்டாவதைத்தான் அழுத்திக் கேட்பேன்” என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இன்னொருவர் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தைப் பிடித்து அளவு பார்த்தே பதினாறு வருஷம் ஓட்டியவர். பிறகுதான் சொந்தக் கடை, ஒரு பழைய கார். காரை எடுத்தால் அடுத்தவன் இடத்தைப் பிடித்துவிடுவானே என்று மதியச் சாப்பாட்டுக்கு நடந்து போனார். சரக்கெடுக்க பஸ்ஸில் போனார். கடைசியில் கடையைப் பூட்டிய பிறகும் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பினார்.

“கார் வாங்கினீங்களா, கடைக்கு முன்னால இன்னொரு சுவர் எழுப்பினீங்களா?” என்பாள் மனைவி.

கடைத்தெருவில் இனி கார் நிறுத்தக் கூடாது என்று பேச்சு வந்தது. வியாபாரிகள் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் இவர்தான்.

“என்கிட்ட வர்றவங்க எல்லாம் கார்லதான் வர்றாங்க. இடம் இல்லேன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்.”

எதிர்க்கடை மருந்துக்காரர் மெதுவாகக் கேட்டார். “அண்ணே, நீங்க விக்கிறது செருப்பு. ஜனங்க நடந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்து வைத்தார். ஆனால் கடை போனால் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி யார் கடையிலாவது முக்காலி போட வேண்டும்.

ஒரு வாரம் கார் இல்லாமல் நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று ஆனது.

முதல் நாள் காலை, காரைக் கிளப்பினால் முனகக்கூட இல்லை. நின்று நின்றே பேட்டரி செத்திருந்தது. போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டார். ஐந்து பேர் வந்து தள்ளினார்கள். அவரும் கதவைத் திறந்து பிடித்து, ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பிக்கொண்டே தள்ளினார். தொழில் புத்தி, கண் கீழேதான் போயிற்று. ஐந்து ஜோடியில் நாலு ஜோடி அவர் விற்றது.

“உங்க காரெல்லாம் எங்க நிறுத்திருக்கீங்க?”

“எங்களுக்கு ஏதுங்க காரு? பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துதான் வர்றோம். வார் நல்லா உழைக்குது.”

கார் பக்கத்துச் சந்துக்குள் போனது. சாயங்காலம் ஒரு அம்மாள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். “புதுசா திறந்திருக்கீங்களா தம்பி?”

“பதினொரு வருஷமாச்சும்மா. இன்னைக்குத்தான் வாசல் தெரியுது.”

வாரம் முடிந்து கூட்டம் கூடியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் காலையில் வரம் கேட்கிற அதே வாயால் பொய்யை விட்டு வைக்க அவருக்கு மனசு வரவில்லை. எழுந்தார்.

“போன தடவை சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். என் கடைக்கு கார்ல வந்தது ஒரே ஆளு. அது நான்தான்.”

“அப்ப காரை என்ன செய்யப் போறீங்கண்ணே?” என்றார் மருந்துக்காரர்.

“அதை முதல்ல கிளப்பணும். ஒரு நாலு பேர் வாங்க.”